சாக்பீஸ் கோடு

தையல் மேசையில் இன்று துணி இல்லை. வரைபடம் விரிந்து கிடக்கிறது. மாலை வெயில் கத்தரிக்கோலின் மேல் சோர்ந்து விழுகிறது. வடக்குக் கோடியில், ரயிலை விட்டிறங்கி ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் போகவேண்டிய சிற்றூரில், தையல்காரரோடு பன்னிரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். தையல்காரர் அளவு நாடாவை வைத்து அளக்கிறார், சாக்பீஸால் வழியைக் கோடிழுக்கிறார், புறங்கையால் துடைக்கிறார். இது மூன்றாவது தடவை.

“ரோடெல்லாம் பனியாம். குறையட்டும், அடுத்த மாசம் பாத்துக்கலாம்.”

பட்டன் தைக்கும் மனைவி நிமிரவில்லை. “சாக்பீஸ் கோட்டை அன்னைக்கே தைக்கலைன்னா அழிஞ்சிடும்னு ஊருக்கெல்லாம் சொல்வீங்க. உங்களுக்கு மட்டும் அழியாதாக்கும்.”

வெயில் கத்தரிக்கோலை விட்டு இறங்கிய பிறகு, அவர் கோட்டை மறுபடி இழுக்கிறார், போனை எடுக்கிறார். டிக்கெட் பதியும் விரலிலிருந்து வெள்ளைத் தூள் திரையெங்கும் ஒட்டுகிறது. அதை அவர் துடைக்கவில்லை.