புதன்கிழமை பஸ்

"குடிகாரனுக்குப் பக்கத்திலை இன்னொரு குடிகாரன். நல்ல சோடி."

பஸ்ஸின் பின் இருக்கையிலிருந்து யாரோ சொன்னது வசீகரனின் காதில் விழுந்தது. முகம் சுட்டது. திரும்பி ஏதாவது கேட்கவேண்டும் போலிருந்தது. பக்கத்தில் இருந்த அப்புத்துரை அவனுடைய முழங்காலில் கையை வைத்து அமர்த்தினார்.

"விடும், தம்பி. இண்டைக்கு நல்ல நாள்."

முன் இருக்கையில் அவருடைய மனைவி சறோஜினிதேவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார். அவருக்குப் பக்கத்தில் வசீகரனின் மனைவி கஜனியும் பிள்ளையும். பஸ் பண்ணைக் கடலைத் தாண்டி யாழ்ப்பாணத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

எட்டு மாதத்துக்கு முன் இதே பஸ்ஸில் வசீகரன் தனியாகத்தான் போனான். மண்கும்பானில் வீடுகளுக்கு வயறிங் செய்பவன். பொழுதுபட்டால் ஒரு போத்தல் என்று தொடங்கியது, விடிந்தாலும் ஒரு போத்தல் என்றாகி, ஒருநாள் வேலைக்குப் போன வீட்டில் ஏணியிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டான். கஜனி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காரைநகரில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். கைக்கு மாவுக்கட்டுப் போட்ட டாக்டர்தான், புதன்கிழமைகளில் நடக்கும் மனநலக் கிளினிக்குக்கு அவனை அனுப்பினார்.

அங்கே போனதும் ஊர் முகங்கள் இரண்டைக் கண்டு திரும்பி ஓடப் பார்த்தான். ஒன்று, வெங்காயத் தோட்டக்காரரான அப்புத்துரை. மற்றது சறோஜினிதேவி ரீச்சர், ஊர்ப் பள்ளிக்கூடத்தின் உப அதிபர். அவர் வாசலில் வந்து நின்றாலே பிள்ளைகள் தாமாக வரிசையாகிவிடுவார்கள். அப்புத்துரை கொழும்பில் கடை வைத்திருந்த காலத்தில் குடி பழகினவர் என்றும், பாவம் அந்த ரீச்சர்தான் புருசனைக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு திரிகிறா என்றும் ஊர் பேசிக்கொண்டது. அப்புத்துரை அதை ஒருநாளும் மறுத்ததில்லை.

அன்று அவர் பக்கத்துக் கதிரையைத் தட்டிக் காட்டினார். "வாசல் மட்டும் வந்திட்டீர். இனி இருக்கிறதுதானே."

அங்கே பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, இலக்கம்தான். தங்கள் இலக்கம் வந்ததும் புருசனும் மனைவியும் சேர்ந்தே உள்ளே போனார்கள், சேர்ந்தே வெளியே வந்தார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் வசீகரன் தயங்கித் தயங்கி, எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டான்.

"தனிய இருக்கிறேல்லை," என்றார் அப்புத்துரை. "மனம் அந்தரப்பட்டால் ரெண்டு பேருமாத் தோட்டத்துக்குப் போவம். பாத்தி பாத்தியாத் தண்ணி மாறிவிட்டு முடியுமட்டும் வேறை கதை இல்லை."

வசீகரனுக்கு வீட்டில் யாரும் இல்லை. அதனால் அவனும் அந்தத் தோட்டத்துக்கே போகத் தொடங்கினான். மூன்று பேருமாக வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறினார்கள். அப்புத்துரையால் முடியுமென்றால் தன்னாலும் முடியும் என்று தினமும் தனக்குச் சொல்லிக்கொண்டான்.

மூன்றாவது கிழமை, கிளினிக்கிலிருந்து வரும் பஸ்ஸில் கஜனிக்குப் போன் எடுத்தான். உங்களை இனி நம்ப ஏலாது என்று அவள் வைத்துவிட்டாள். ஊருக்கு முந்தின சந்தியில் இறங்கி, கள்ளுத் தவறணைப் பக்கம் நடந்தான். பின்னால் காலடி கேட்டது. அப்புத்துரை என்று நினைத்துத் திரும்பினால், ரீச்சர். தவறணைக்குப் போகிற ஒழுங்கையில், சேலையும் குடையுமாக.

அவர் ஏசவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "இப்பதான் கடும் கஷ்டம், வசீகரன். கை நடுங்கும். நெஞ்சு படபடக்கும். விடியுமட்டும் கண் மூடாது. செத்தால் நல்லம் எண்டிருக்கும். அது போகும். போனது எனக்குத் தெரியும்."

புருசனோடு இந்த மனுசி எவ்வளவு பாடுபட்டிருக்கவேண்டும் என்று வசீகரனுக்குத் தோன்றியது. திரும்பி நடந்தான்.

அதற்குப் பிறகு அவன் தொடவில்லை. ஐந்தாம் மாதம் கஜனி பிள்ளையோடு திரும்பி வந்தாள். இன்றைக்குக் கிளினிக்கில் ஒரு வருடத்தைக் கடந்தவர்களைக் கௌரவிக்கிறார்கள், தங்களுக்கும் ஒரு வருடம் முடிகிறது என்று அப்புத்துரை சொன்னபோது, குடும்பத்தோடு வந்து முன் வரிசையிலிருந்து கைதட்டுவேன் என்று வசீகரன் வாக்குக் கொடுத்திருந்தான்.

மண்டபம் நிறைந்திருந்தது. தீவுப் பக்கத்து ஆட்களே இரண்டு வரிசை. விரும்பியவர்கள் மட்டும் மேடைக்கு வந்து பேசலாம் என்று டாக்டர் சொன்னார். முதலில் ஒரு வங்கி மனேஜர் போனார். அடுத்து ஒரு கடற்றொழிலாளி.

"எழும்புங்கோ, அண்ணை," என்று வசீகரன் மெல்ல இடித்தான்.

அப்புத்துரை அசையவில்லை. ரீச்சர்தான் எழுந்தார். புருசனுக்காகப் பேசப் போகிறா என்று வசீகரன் நினைத்துக்கொண்டான். அவர் நேராக நடந்துபோய் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றார்.

"நான் சறோஜினிதேவி. வாற திங்கள் எங்கடை பள்ளிக்கூடத்துக்கு அதிபராப் பொறுப்பெடுக்கிறன். அதுக்கு முதல் இதைச் சொல்லவேணும். பதினொரு வருசம் நித்திரைக் குளிசை இல்லாமல் என்னாலை இருக்க ஏலாமல் கிடந்தது. இரவுக்கு ஒண்டிலை தொடங்கிப் பத்து வரைக்கும் போனனான். இண்டையோடை ஒரு வருசம், ஒண்டும் இல்லை."

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. வசீகரன் அப்புத்துரையின் பக்கம் திரும்பினான்.

"அப்ப நீங்கள், அண்ணை?"

கண்ணீர் வழிய வழிய, எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "நான் சாராயத்தைத் தொட்டும் பார்த்ததில்லை, தம்பி. அவ பிள்ளையளுக்கு முன்னாலை நிக்கிற ஆள். நான் வெங்காயத்துக்கு முன்னாலைதானே."