மூடாத அடைப்புக்குறி

மீன் கம்பெனியின் குளிர் அறைக் கதவை இயக்கும், லிஸ்ப் என்ற கணினி மொழியில் எழுதிய நிரல் பிழையில் சிக்கி நின்றபோது சவரிமுத்து மூடிய கதவுக்கு உள்ளே உறைகுளிரில் மாட்டிக்கொண்டார். “பதறாதீங்கண்ணே, நிரலை நிறுத்தாமலே சரிபண்ணிடுறேன்” என்று வெளியே கணினி முன்னாலிருந்து கத்தினாள் ஜெசிந்தா. உயிரோடிருந்த நிரலுக்குள் திருத்தத்தை எழுதி, திறந்த அடைப்புக்குறிகளை வரிசையாக மூடி, என்டரைத் தட்டினாள். பிழைச்செய்தி வரவில்லை. கர்சர் மட்டும் துடித்தது.

“என்னம்மா ஆச்சு?” அவர் கதவை அடித்தார்.

“ஏத்துக்கிச்சுண்ணே, யோசிக்குது. இப்போ கைவைச்சா கெட்டுடும்.”

ஓர் அடைப்புக்குறியை அவள் மூடியிருக்கவில்லை. அவள் எழுதி முடிக்கட்டும் என்று நிரல் காத்திருந்தது. நிரல் முடிக்கட்டும் என்று அவள் கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். கதவை அடிக்கும் சத்தம் மெல்லக் குறைந்து நின்றது. அண்ணன் புரிந்துகொண்டார் என்று அவளுக்கு நிம்மதியாக இருந்தது.