கதவைத் தட்டியது யார்?

"கதையோட கடைசி வரியை மட்டும் சொல்லுங்க, போதும்."

சினிமா கம்பெனிக்காகக் கதை உரிமை வாங்கித் தருபவள் அவள். இந்தக் கேள்வியை அன்று மூன்றாவது ஆளிடம் கேட்டாள். எதிரே உட்கார்ந்திருந்தவர் லிஃப்ட் மெக்கானிக். நகக்கண்ணில் கிரீஸ், நெற்றியில் வியர்வை. ஏழு மாடியும் படியேறி வந்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "உங்க லிஃப்டோட உடம்பு நிலைமை எனக்குத்தானே தெரியும்" என்றார்.

இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு வாரப் பத்திரிகையில் வந்த கதை அது. கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன மனைவி. வீம்பு பிடித்து வீட்டிலேயே இருக்கும் கணவன். இதைப் படமாக எடுக்கலாம் என்று தயாரிப்பாளரை நச்சரித்துச் சம்மதிக்க வைத்தவளே அவள்தான். ஆனால் எழுதியவர் யார்? அச்சில் இருந்தது வெறும் புனைபெயர். பத்திரிகையும் மூடிப் பல வருடமாகிவிட்டது.

விளம்பரம் கொடுத்தார்கள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட மாதிரி, நான்தான் நான்தான் என்று ஆட்கள் வந்தார்கள். உரியவரிடம் கையெழுத்து வாங்காமல் படமெடுத்தால் கோர்ட்டு வாசலில்தான் நிற்க வேண்டும், சாயங்காலத்துக்குள் ஆள் கிடைக்காவிட்டால் வேறு கதைக்குப் போய்விடுவேன் என்று தயாரிப்பாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

காலையில் வந்த இருவரும் கடைசி வரியை அச்சுப் பிசகாமல் ஒப்பித்தார்கள். அவளோ காபி கொடுத்து அனுப்பிவிட்டாள். ஏன் என்று தயாரிப்பாளருக்குப் புரியவில்லை.

மெக்கானிக் தொண்டையைச் செருமிக்கொண்டார். "'விடிந்ததும் அந்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.'"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தயாரிப்பாளர் பழைய பத்திரிகையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "'தட்டினான்'னு இருக்கு. புருஷன்தான் போய்த் தட்டறான். யார் கதவை யார் தட்டினாங்கன்னே தெரியலை, கதை உங்களோடதா?"

"நான் எழுதினது 'தட்டினாள்'தான் சார். அவதான் எறங்கி வரணும்னு வீராப்பா எழுதினேன். அது என் வீட்டுக் கதை."

பத்திரிகை வந்த அன்று ஓர் எழுத்து மாறியிருப்பதைப் பார்த்து, அச்சாபீஸ்காரரை வாய்க்கு வந்தபடி திட்டியதைச் சொன்னார். திட்டிக்கொண்டே அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்ததையும், மறுநாள் விடிந்ததும் மாமனார் வீட்டு வாசலில் போய் நின்றதையும் சொன்னார்.

"தட்டினேன். அவளே வந்து திறந்தா. இப்போ கீழ நிக்கறா, ஏழு மாடி ஏற மாட்டேன்னுட்டா. அந்த அச்சுப்பிழை பண்ணின புண்ணியவான் யாருன்னு தெரிஞ்சா, ரெண்டு பேருமா ஒரு கும்பிடு போடணும்."

அவள் ஒப்பந்தத்தை அவர் பக்கம் நகர்த்தி, பேனாவைத் திறந்து கொடுத்தாள்.

"இரும்மா," என்று தடுத்தார் தயாரிப்பாளர். "நல்லாத்தான் கதை சொல்றார். எதை வெச்சு நம்பறே?"

"அது பிழை இல்ல சார்." அவள் குரல் இறங்கியது. "அப்போ அந்தப் பத்திரிகையில புரூஃப் பார்த்துக்கிட்டிருந்தேன். சிவப்பு மையில 'ள்'ளை அடிச்சுட்டு 'ன்' போட்டவ நான்தான். எங்கம்மா வீட்டுக் கதவை யாரும் வந்து தட்டலை, கதையிலயாவது ஒருத்தன் போய்த் தட்டட்டுமேன்னு."