எறும்புக் கையுறை

அந்தக் காட்டு எறும்பு கொட்டினால் தோட்டா பாய்ந்ததுபோல வலிக்கும்; மறுநாள்வரை விடாது. ஓலைக் கையுறைக்குள் கொடுக்குகள் நீட்டிக்கொண்டிருக்கும்படி அந்த எறும்புகளை உயிரோடு வைத்துப் பின்னுவார்கள். அதில் கையை விட்டு, ஊர் பாடி முடிக்கும்வரை அழாமல் நிற்பவன்தான் அங்கே ஆம்பளை. அவள் மகன் முகம்கூடச் சுளிக்கவில்லை.

"புலியப் பெத்திருக்கடி," என்று தோளைத் தட்டினாள் பக்கத்து வீட்டுக்காரி.

தாய்க்கோ காலையில் பார்த்ததே கண்ணில் நின்றது. அடுப்பிலிருந்து சரிந்த கொள்ளியை அவன் வெறுங்கையால் உள்ளே தள்ளினான். தீய்ந்த வாடை வந்த பிறகுதான் விரலைப் பார்த்தான். தொழுநோய் என்று ஆற்றுக்கு அக்கரையில் ஊர் ஒதுக்கிவைத்திருக்கும் அவன் அப்பாவுக்கும் முதலில் இப்படித்தான் விரல்கள் மரத்துப்போயின.

கையுறையைக் கழற்றியதும் ஓடிப்போய் அந்த வீங்கிய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வலிக்குதுன்னு சொல்லுடா."

"துளிகூட இல்லம்மா," என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி. ஊர் ஆர்ப்பரித்தது.

முத்தமிடுவதுபோலக் குனிந்து அவன் விரலைக் கடித்தாள். இன்னும் பலமாகக் கடித்தாள். அவன் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.