கலெத்துக்குள் இருந்த பொம்மை

என் நாக்கில் பீங்கான் தட்டுப்பட்டது.

மெல்லுவதை நிறுத்தாமல் அதை மெதுவாக இடது கன்னத்துக்குள் ஒதுக்கினேன். இந்த ஜனவரியில் எனக்கு இது இரண்டாவது முறை. கை தேர்ந்துவிட்டது என்பார்களே, எனக்கு வாய் தேர்ந்துவிட்டது.

எதிரே சுவரோரமாக ஒடில் நின்றாள். பேக்கரி ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் வந்திருந்தாள். பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு அவளுடைய முதலாளி மதாம் பெனெக்.

"நீங்க எல்லாரும் சாட்சி. உள்ள பொம்மை வெச்சிருக்கேன்னு இவ சத்தியம் பண்றா. வரலேன்னா இப்படியே வீட்டுக்குப் போயிட வேண்டியதுதான், நாளைக்குக் கடைக்கு வர வேணாம்."

ஜனவரி வந்தால் பிரான்ஸில் கலெத் வெட்டாத அலுவலகம் கிடையாது. பாதாம் விழுதை நடுவில் வைத்துச் சுட்ட வட்டப் பலகாரம். உள்ளே விரல்நுனி அளவில் ஒரு பொம்மை ஒளிந்திருக்கும். யார் துண்டில் வருகிறதோ அவர் ராஜா. எங்கள் குடிநீர் அலுவலகத்துக்கு வந்த மூன்று கலெத்திலும் பொம்மையே இல்லை.

மேலதிகாரி கெர்மாரெக் விடுவாரா? ஒவ்வொரு முறையும் கடைக்கே போய்க் கத்தினார். ஒவ்வொரு முறையும் ஒரு கலெத் இலவசமாக வந்தது.

யாரோ அடிப்பக்கமாக விரலை விட்டுப் பொம்மையை உருவுகிறார்கள் என்று மதாம் பெனெக் முடிவு கட்டினாள். கடையில் ஒடிலைத் தவிர வேறு ஆள் இல்லை. போதாததற்கு ஒடிலுக்கு இந்தப் பொம்மைகளைச் சேர்க்கும் பைத்தியம் வேறு.

முதல் கலெத்தின் பொம்மையை எடுத்தது நான்தான். ஒப்புக்கொள்கிறேன்.

ராஜாவானால் தலையில் காகிதக் கிரீடத்தோடு சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அடுத்த கலெத்தையும் அதோடு குடிக்கும் சைடர் என்ற ஆப்பிள் மதுவையும் அலுவலகத்தில் எட்டுப் பேருக்கும் அவர்தான் வாங்க வேண்டும். நான் கஞ்சன் இல்லை. ஆனால் ஜனவரி நீளமான மாதம்.

சரி, அடுத்த இரண்டு? சத்தியமாக அவற்றை நான் எடுக்கவில்லை. அப்படியென்றால் ஒடில் திருடிதானே? இந்தக் கேள்வியைத் தலையணையாக வைத்துக்கொண்டுதான் என் மனச்சாட்சி இத்தனை நாளும் தூங்கியது.

இன்று ஒடிலே வெட்டினாள். முறைப்படி எங்களில் இளையவர் மேசைக்கு அடியில் போய், எந்தத் துண்டு யாருக்கு என்று சொல்ல வேண்டும். எங்களில் இளையவரான கொல்வானுக்கு நாற்பத்தாறு வயது, மூட்டுவலி. ஒரு முனகல், ஒரு பெயர் என்று மாறி மாறி வந்தது.

எட்டுப் பேரும் மென்றோம்.

"எனக்கு இல்ல," என்றார் கெர்மாரெக், மீசையைத் துடைத்தபடி.

கிஸ்லேன் உதட்டைப் பிதுக்கினாள். கொல்வான் கையை விரித்தார். மற்றவர்களும் வரிசையாகத் தலையை ஆட்டினார்கள்.

கடைசியில் ஒடில் என்னைப் பார்த்தாள்.

தினமும் காலையில் நன்றாகச் சிவந்த ரொட்டியாகப் பார்த்து எனக்கென்று எடுத்து வைப்பவள் அவள். எனக்கு வெட்கமாக இருந்தது. பயம் அதைவிட அதிகமாக இருந்தது. இப்போது துப்பினால் முதல் கலெத்தின் கதையையும் அல்லவா கேட்பார்கள்?

நானும் தலையை ஆட்டினேன்.

"பாத்தீங்களா மதாம்? இதோட நாலாவது தடவை!" கெர்மாரெக்கின் குரல் என்னவோ போல் குழறியது.

மதாம் பெனெக் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஏப்ரனைக் கழட்டு, ஒடில்."

ஒடில் முடிச்சை அவிழ்த்தாள். நிதானமாக மடித்து மேசைமேல் வைத்தாள்.

"எத்தன வெச்சேன்னு நீங்க கேக்கவே இல்லியே மதாம்."

"எத்தன வெப்பாங்க? ஒண்ணுதானே?"

"எட்டு. துண்டுக்கு ஒண்ணு."

பேசும் நிலையில் யார் வாயும் இல்லை. மேசையைச் சுற்றிலும் பார்த்தேன். எல்லோருக்கும் ஏதோ ஒரு கன்னம் லேசாக உப்பியிருந்தது.

மதாம் பெனெக் காலித் தட்டை நடுவில் தள்ளினாள்.

"துப்புங்க."

முதலில் கொல்வான். பிறகு கிஸ்லேன், ஆண்டவரே என்று முணுமுணுத்துக்கொண்டே. நான் ஐந்தாவது. தட்டில் ஏழு முறை டிங் என்று கேட்டது. எட்டாவதுக்காகக் காத்திருந்தோம்.

கெர்மாரெக் வாயைத் திறந்து காட்டினார். உள்ளே ஒன்றும் இல்லை. 'எட்டு' என்ற சொல் காதில் விழுந்ததுமே அவர் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியதை நான் பார்த்திருந்தேன்.

மதாம் பெனெக் ஏப்ரனைப் பிரித்துத் தன் கையாலேயே ஒடிலின் இடுப்பில் கட்டிவிட்டாள். மன்னிப்பு என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. முடிச்சை மட்டும் இரண்டு முறை சரிசெய்தாள்.

ஒடில் அதைக் கவனிக்கவே இல்லை. தட்டிலிருந்த ஏழையும் விரலால் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை போகிறது என்றபோதுகூட மாறாத அவள் முகம் இப்போது மாறியது.

"இது எதுவும் கடைப் பொம்மை இல்ல. என் அலமாரியில இருந்து எடுத்தாந்தது. தொண்ணூத்திரண்டாம் வருஷத்து மீன்காரி பொம்மை மட்டும் இதுல இல்ல. அந்த மாதிரி இன்னொண்ணு இந்த ஜில்லாவுலேயே கெடையாது."

நேராக கெர்மாரெக்கிடம் போனாள். ரொட்டி போடும் சின்னக் காகிதப் பை ஒன்றை அவர் முன்னால் வைத்தாள்.

"அவசரமில்ல, முசியே. நாளைக்கோ நாளன்னைக்கோ, வந்ததும் கழுவிக் குடுத்தா போதும்."