அக்கா மகனுக்கு ஒரு சிபாரிசு

கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையில் எனக்கு வரவேண்டிய சூப்பர்வைசர் வேலையை, மேனேஜர் எட்வர்ட் தன் அக்கா மகன் தாவீதுக்குக் கொடுத்து எட்டு மாதமாகிறது. இன்று நான் செய்தது சரியா என்று தெரியவில்லை. மாலை வகுப்புக்குப் போகிற ரயிலில், நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலாளி ஓமான் நாட்டு அரபுக்காரர்; மஸ்கட்டில் இருக்கிறார். அவருடைய கடிதங்களைப் பார்ப்பவள் நான். காலையில் எட்வர்ட் என் மேசைக்கு வந்தார்.

"மொதலாளி ஏதோ பெரிய போஸ்ட்டுக்கு ஆள் தேடிக்கினு இருக்காராமே?"

"ஆமா சார். இன்னிக்குள்ள பேரு அனுப்பணும்."

"நம்ம தாவீது பேரை அனுப்பு. அரபிக்காரங்க சொந்தக்காரன் வாக்கைத்தான் நம்புவாங்க. நான் ஜாமீன்னு எழுது."

"பெரிய பொறுப்பு சார். தாங்குவாரா?"

"இன்னாம்மா இப்படிக் கேக்குற? என்னைவிட நல்லாப் பண்ணுவான்னு எழுது."

சொன்னபடியே எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். உடனே மின்னஞ்சலில் அனுப்பினேன்.

மூன்று மணிக்குப் பதில் வந்தது; அச்செடுத்துக் கொடுத்தேன். எட்வர்ட் அதை இரண்டு முறை படித்தார். தாவீதுதான் புது மேனேஜர். எட்வர்ட் இந்த மாதக் கடைசியோடு விலக வேண்டும்.

"காலியாவறது என் போஸ்ட்டுன்னு உனுக்குத் தெரியுமா?"

"போன வாரமே தெரியும் சார்."

அவர் தாவீதைக் கூப்பிட்டனுப்பினார். "மொதலாளிகிட்ட எனுக்காக ஒரு வார்த்தை பேசுடா."

தாவீது கடிதத்தைப் படித்து முடித்து, நிதானமாக மடித்தான்.

"சொந்தக்காரங்களுக்காகப் பேசறது முறையில்ல மாமா."

அவனை முதல்முறையாக எனக்குப் பிடித்திருந்தது.