ஸல்ஹா இழைத்த பாய்

“எங்கட ஸல்ஹாட கைவேலை, மதினி. ஒரு மாசமாக் குந்தியிருந்து இழைச்சது.”

ஸல்ஹாவின் தாய் பல்கீஸ் பன்பாயை விரித்தாள். மூதூரிலிருந்து மகனுக்குப் பெண் பார்க்க வந்த பரீதா அதில் உட்கார்ந்தாள். வலது கையை முக்காட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, தேத்தண்ணீரை இடது கையால் வாங்கினாள்.

மரியாதை தெரியாத மனுசி என்று பல்கீஸுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சிரித்துவைத்தாள். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் பரீதாவின் மகன் றஊப்பைப் போல ஒரு நல்ல பிள்ளை இனி எங்கே கிடைப்பான்?

பரீதா சீதனம் கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்றுதான். “எனக்குப் பொம்புளப்புள்ள இல்ல. பாய் இழைக்கத் தெரிஞ்ச மருமகள்தான் வேணும்.”

ஸல்ஹாவோ எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணியவள். பாய்க்கான பன்புல்லைக் காயப்போடக்கூடத் தெரியாது. பாய், போன வெள்ளிக்கிழமை துறையடிக் கடையில் வாங்கியது.

பரீதா பாயின் ஓரத்தைத் தடவினாள். விரல் ஓரிடத்தில் நின்றது.

“சிவப்புக்கு நடுவால ஒத்தைப் பச்சை. புள்ள இதை ஆருட்டப் பழகினது?”

“என்னட்டத்தான்...”

“இது எங்கட குடும்பத்துக் கை, மதினி. வேற ஆருக்கும் வராது. துறையடிக் கடைக்கு நாங்கதான் குடுக்கிற.”

திரைக்குப் பின்னால் ஸல்ஹாவின் வளையல் சத்தம் நின்றுபோனது. பல்கீஸ் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“மன்னிச்சுக்கொள்ளுங்க மதினி. பொய்தான் சொன்னன். நீங்க இழைச்ச பாயெண்டு தெரியாமப் போச்சு. புள்ளையில பிழை இல்ல, எல்லாம் என்ட வேலை.”

எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தாள். பரீதா எழும்பவில்லை. அவளுடைய தலையும் குனிந்துகொண்டது. முக்காட்டை மெல்ல விலக்கினாள். வலது கை மடியில் அசைவில்லாமல் கிடந்தது.

“பாரிசவாதம் அடிச்சு மூணு வருசம். இந்தக் கையால சோறே தின்ன ஏலாது. நானும் மறைச்சிட்டன் மதினி. இழைக்கத் தெரிஞ்ச மருமகள் வந்தா, ஊர் அவள்ட வேலையெண்டு நினைக்கும். சிரிக்காது.”

பல்கீஸ் முந்தானையை இறக்கினாள்.

“அப்ப, இந்தப் பாயை இழைச்சது ஆரு?”

பரீதா வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“உங்கட வீட்டுக்கு வரப்போற மாப்பிள்ளைதான்.”